ஆணியில் மிச்சமிருந்த வயர்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் கஸ்டமர் கேர் வேலையில் அதே கூத்து, வீட்டு நெட் திணறுகிறது. திருச்சூரிலிருந்து ஒரு அம்மா, புது மிக்ஸியிலிருந்து புகை வருகிறது என்று கூப்பிட்டார். "முதலில் ஸ்விட்சை அணையுங்கள்" என்று நான் மலையாளத்தில் சொன்னது அவருக்குப் போய்ச் சேருவதற்குள் மிக்ஸி எரிந்தே முடிந்திருக்கும். ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஸ்ரீஜா மேடம் பாலக்காட்டிலிருந்து பேசினார். எங்கள் டீமுக்கு அவர்தான் பொறுப்பு. "லிஜி, ஜூலைக்குள்ள நல்ல லைன் எடுத்துக்கோங்கோ. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்காமல், வீட்டில் உட்கார்ந்தபடி பிழைக்க இந்த மலையில் எனக்கு வேறு என்ன இருக்கிறது? இதை விடமாட்டேன்.

ஜூன் 5, வியாழன்

கேபிள் ரிஜின் வந்தான். என் தம்பியோடு படித்தவன். எங்கள் ஊரில் கேபிளுக்குத் தனிக் கம்பம் கிடையாது. கீழே ரோட்டிலிருந்து சில்வர் ஓக் மரம் மரமாகக் கட்டிக்கொண்டு மேலே ஏறும். கடைசி மரம் எங்கள் வாசலின் பள்ளத்து ஓரத்தில். அங்கிருந்து வீட்டுச் சுவருக்கு. இந்தப் பழைய வயரில் இனி வேகம் கூட்ட முடியாது, ஃபைபர்தான் போட வேண்டும், அதை மரத்தில் கட்ட முடியாது என்றான். வாசல் ஓரத்தில், விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு இரும்புக் கம்பம் நட வேண்டுமாம்.

"ஒரே ஒரு குழிதான்க்கா. அரை நாள் வேலை."

மாமனார் சூசையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "வாசல்ல கடப்பாறை விழக் கூடாது."

"ஏன் மாமா?"

"கூடாதுன்னா கூடாது தாயி. இருக்கிற கனெக்சன் போதும்."

சூசையப்பன் சொன்னால் சொன்னதுதான். என் வீட்டுக்காரர் ஜிபியைப் பார்த்தேன். வெளியே ஜீப் ஓட்டும்போது யானைக்கே ஹாரன் அடிக்கிற ஆள், அப்பா முன்னால் பெட்டிப் பாம்பு.

ஜூன் 14, சனி

நல்ல மழை. காலையில் லைன் செத்துப்போனது. ரிஜின் வந்து பார்த்தான். சுவரில் வயர் சேரும் இடத்தில் பிய்ந்து வந்திருக்கிறது. பின்னால் உதவும் என்று உபரி வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டி வைத்திருந்தான். அதிலிருந்து கொஞ்சம் இழுத்துச் சேர்த்துவிட்டுப் போனான்.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடி பிய்ந்தது. பூசைக்குப் போய் வந்து பார்த்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு.

ஜிபிக்கு உடனே குற்றவாளி கிடைத்துவிட்டாள். "நீ போர்வையும் ஜீன்ஸும் அந்த வயர்ல காயப்போட்டா அது என்னத்துக்கு ஆகும்?"

காயப்போட்டதுதான். இந்த மழையில் துணிக்கொடி ஒன்று பத்துமா? இந்த ஊரில் யார் வீட்டு கேபிளில்தான் துணி தொங்கவில்லை? "உங்க ஜீன்ஸை நீங்களே தலையில சுத்திக் காயவைங்க" என்றேன். அவரும் பேசினார், நானும் பேசினேன். இனிமேல் வயரில் ஒரு கைக்குட்டைகூடப் போடமாட்டேன். கொடி மட்டும்தான். அது வராந்தா தூணிலிருந்து அதே ஓக் மரத்துக்குப் போகிறது. ஈரத்துணி போட்டால் நடுவில் தரை தட்டும், கவைக்கம்பு முட்டுக் கொடுத்துத்தான் தூக்கி நிறுத்த வேண்டும். பரவாயில்லை.

ஜூலை 1, செவ்வாய்

வயரில் துணி எதுவும் போடவில்லை. வயர் பிய்ந்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

ஆணியில் கை கொள்ளாத கட்டாக இருந்த சுருள் இப்போது என் வளையல் கனம்தான். ஒவ்வொரு தடவையும் ரிஜின் இழுக்கிறான், ஒவ்வொரு தடவையும் பத்தாமல் போகிறது. வயர் எங்கே போகிறது? ஃபைபருக்கு மாறவைக்க இவனே ஏதோ செய்கிறான் என்று தோன்றியது. மனசில் வைக்கத் தெரியாதே எனக்கு, கேட்டுவிட்டேன்.

"உங்க வயரைத் திருடி நான் என்ன கொடியா கட்டப் போறேன்?" முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. பிறகு வயரை விரலால் சுண்டிப் பார்த்தான். டிங் என்றது. "போன தடவை தொய்வா விட்டுத்தான் கட்டுனேன்க்கா. யாரோ அந்தப் பக்கம் நின்னு இழுக்கிற மாதிரி இருக்கு."

கம்பம் நடுவதைப் பற்றி மறுபடி எடுத்தான். மாமா எழுந்தார். போய் விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். அந்த மழைச் சாரலில், குடைகூட இல்லாமல், அவன் போகும் வரைக்கும்.

மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் விறகை அடுப்படிக்குக் கொண்டுபோவார்கள். இவர் மட்டும் வாசல் ஓரத்தில் நனைய விட்டு, நீளமாக அடுக்கிக்கொண்டே போகிறார். வயசு ஆகிறது, அதுதான் போல.

ஜூலை 9, புதன்

அடுப்படிக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. "மழைக்கு மரம் ஊதும்" என்றார் மாமா, நான் கேட்காமலே.

ஸ்ரீஜா மேடத்திடமிருந்து மெசேஜ்: என்ன ஆச்சு? எனக்கே தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் பார்த்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். 

மாமாவும் ஜிபியும் கோயிலுக்குப் போனார்கள். மழை கொஞ்சம் விட்டதால் நான் துணி காயப்போட நின்றுவிட்டேன். பெரிய போர்வை, சொட்டச் சொட்ட. கொடியில் போட்டுவிட்டுக் கவைக்கம்பை எடுக்கப் போனால், அது கீழே விழுந்து கிடக்கிறது. எடுத்து முட்டுக் கொடுத்தேன். நிற்கவில்லை. கொடி கம்புக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. போர்வையோடு, விறைப்பாக, கோடு போட்ட மாதிரி.

யாரும் கொடியை இழுத்துக் கட்டவில்லை. தூண் தூண் இடத்தில்தான் நிற்கிறது. அப்படியானால் மரம்?

மரம் தள்ளிப் போயிருக்கிறது. வயரையும் கொடியையும் இழுத்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்து.

விறகைத் தள்ளினேன். அடியில் சிமெண்ட் பூச்சு, நீளமாக, வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. பழைய பூச்சு, அதன் மேல் புதுப் பூச்சு, அதற்கும் பக்கத்தில் பச்சைக் களிமண். எல்லாவற்றையும் மீறித் தரை வாய் பிளந்திருக்கிறது. கவைக்கம்பை அதற்குள் விட்டுப் பார்த்தேன். பாதிக் கம்பு போனது. அதற்கு மேல் விட பயமாக இருந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ஜூலை 14, திங்கள்

நேற்று மாமா பூசை முடிந்து வந்தார். விறகு கலைந்து கிடந்ததைப் பார்த்தார். அவராகவே பேசினார்.

"போன வருச மழைக்கே விரிசல் விட்ருச்சு தாயி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா காலி பண்ணச் சொல்லுவானுவ." ஒரு விறகை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஆயுசு பூரா எஸ்டேட்டு லயத்து வீட்டுலயே கெடந்தேன். ரிட்டயர் ஆனா அதுவும் இல்ல, சாவியக் குடுத்துட்டுப் போன்னுட்டான். இது என் வாசல். கடப்பாறை போட்டா ஊருக்கே தெரிஞ்சிரும்."

கோபம் வந்தது. எத்தனை ராத்திரி இதே வீட்டில் எங்களைத் தூங்க வைத்திருக்கிறார்! கத்த நினைத்தேன். ஆனால் அவர் விரல் நகங்களில் சிமெண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வருசமாக யாருக்கும் தெரியாமல் தனியாளாக மலையைப் பூசி ஒட்டப் பார்த்திருக்கிறார் மனுசன். அழுகைதான் வந்தது.

ஜிபி, "மழை விடட்டும், பார்க்கலாம்" என்றார். மழை விடுவதற்குள் மரம் என்ன ஆகும், ஜிபி?

ஜூலை 16, புதன்

மழை. வயர் அறுந்தது. ஆணியில் சுருளே இல்லை, ஒரு முழம் தொங்கியது, அதையும் ரிஜின் இழுத்துச் சேர்த்தான். இதற்கு மேல் இழுக்க ஒன்றுமில்லை என்றான். விறகு நகர்ந்திருந்த இடத்தை அவனும் பார்த்தான். சட்டென்று வேலையை முடித்துக்கொண்டு போனான்.

நான் முடிவு சொல்லிவிட்டேன். மறையூர் டவுனில் ஃபைபர் இருக்கிறது, வாடகைக்கு வீடு இருக்கிறது. சனிக்கிழமை போகிறோம். மாமா வரவில்லை என்றால் நானும் போகமாட்டேன், இந்தக் கட்டிலிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன். மிரட்டல்தான். நிஜமும்தான்.

மாமா கேட்டார். "ஊருல என்னன்னு சொல்லப் போற?"

"நெட்டுக்காகப் போறோம்னு சொல்லுவேன் மாமா. என் வேலைக்கு."

"ம். அப்படியே சொல்லு." பிறகு, "இங்க உள்ள கனெக்சனை வெட்டிராத. வீடு வீடா இருக்கட்டும்."

ஜூலை 19, சனி

ஜீப்பில் மூன்று நடை. மாமா கடைசி நடையில் வந்தார். வருவதற்கு முன்னால் வாசலைப் பெருக்கினார்.

ஜூலை 28, திங்கள்

ஃபைபர் வந்துவிட்டது. ஸ்ரீஜா மேடம், "பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கே!" என்று சந்தோஷப்பட்டார். வேலை தப்பித்தது.

மாமாவுக்கு மறையூர் பிடிக்கவில்லை. மழையே பெய்யாத ஊர் என்ன ஊர் என்கிறார். மழையைத் திட்டிக்கொண்டிருந்த மனுசன். மேலே மலையில் விட்டு வந்த வீட்டின் மோடத்தை நாங்கள் அணைக்கவில்லை. அது ஓடுகிறதா என்று என் போனிலேயே பார்க்கலாம், பச்சைப் புள்ளி இருந்தால் ஓடுகிறது. அதைக் காட்டிக்கொடுத்தது தப்போ என்னவோ. தினமும் காலையில் பால் விடாத கட்டங்காப்பி டம்ளரோடு வந்து நிற்கிறார்.

"வீடு லைன்ல இருக்கா தாயி?"

"இருக்கு மாமா."

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேலே மூன்று நாளாக விடாத மழையாம். ஜிபியை அந்தப் பக்கம் சவாரி போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புள்ளி பச்சைதான். ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கிறேன். இதற்கா வேகமான நெட் எடுத்தோம்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று மாதா விண்ணேற்புத் திருநாள். பூசைக்குக் கிளம்பும்போது மாமா வந்து நின்றார்.

"வீடு லைன்ல இருக்கா?"

புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தது. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்படியேதான்.

"இல்ல மாமா."

"கரண்டு போயிருக்கும்."

"ஆமா மாமா. கரண்டுதான்."

அப்போதே போன் அடித்தது. ரிஜின். மூச்சு வாங்கியது. நாலு வார்த்தைதான் பேசினான்: மரம், வாசல், வீடு, பள்ளம். நான் ம், ம் என்று மட்டும் சொன்னேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டார். விரல் வழுக்கியது, மறுபடி போட்டார்.

"கேபிள்காரப் பயகிட்ட சொல்லிரு தாயி," என்றார். "பழைய கனெக்சன் இனிமே வேண்டாம்."

பூசைக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு முன்னால் படியிறங்கினார்.