தொங்கிக்கொண்டிருந்த வயர்

ஏனுங்க,

இன்று மத்தியானம் ஒண்டிக்கடை முக்கில் இருக்கிற செல்போன் கடையில் போனைச் சரிபண்ணக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரத் தம்பி ஈயத்தை உருக்கிச் சால்டரிங் வைத்தான். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நீங்கள் போய் வருசம் திரும்பப்போகிறது. இன்னும் எனக்கு முதலில் வருவது ஆத்திரம்தான்.

அந்த வாசத்தோடுதானே நம் கடைசி மழைக்காலங்கள் கழிந்தன. பகலெல்லாம் எஸ்டேட்டில் மோட்டார், பம்பு என்று எலக்ட்ரீசியன் வேலை; சாயங்காலம் வந்தால் சிந்தசைசர் என்கிற அந்த இசைப்பெட்டி. கடையில் விற்கிற கீபோர்டு மாதிரி இல்லை அது. சில்வர் ஓக் பலகையில் பெட்டி அடித்து, தட்டுத் தட்டாக நீங்களே செய்து மாட்டியது. ஒரு தட்டு சத்தத்தைப் பிறப்பிக்கும், ஒன்று அதை வடிகட்டும், ஒன்று தண்ணீர்க் குழாய் மாதிரி திறந்து மூடும். வயர் சொருகி ஒன்றோடொன்று இணைத்தால்தான் அது பேசும். பிடுங்கிவிட்டால் வெறும் பெட்டி. அப்படி இணைப்பதற்குப் பேட்ச் என்று பேர் சொன்னீர்கள்.

"தையல் மிஷின்ல நூல் கோக்கறவளுக்கு இது வராதா? வா புள்ள" என்று நீங்களாகத்தான் கூப்பிட்டீர்கள். நானா கேட்டேன்? முதல் நாள், சத்தம் வெளியே வருகிற இரண்டு ஓட்டைகளை ஒரே வயரால் இணைத்துவிட்டு, ஏன் ஊமையாக இருக்கிறது என்று முழித்தேன். "ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தா யாரு புள்ள கேக்கறது? ஒன்னு சொல்லோணும், ஒன்னு கேக்கோணும்" என்று சிரித்தீர்கள். என்ன வக்கணையான பேச்சு! பெட்டிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பிறகு எனக்கும் அது நிஜமாகவே பிடித்துப்போனது. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் தட்டு ஒன்று உண்டே, அதற்கென்று சத்தமே கிடையாது. ஆனால் அதன் வயரை எதில் சொருகினாலும் மற்றது அது சொன்னபடி ஆடும். சுருதி ஓட்டையில் சொருகினால் சத்தம் ஊஞ்சலாடும், குழாய்த் தட்டில் சொருகினால் வந்து வந்து போகும். அது புரிந்த அன்று பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நீங்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தீர்கள். பேட்ச் முழுக்கப் போட்டுவிட்டு, ஒரே ஒரு வயரின் மறுமுனையை மட்டும் தொங்கவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அது எங்கே போகவேண்டும் என்று நான் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும். சரியாகச் சொருகினால் அடுப்படியிலிருந்து "அட்ரா சக்கை!" என்று குரல் வரும். உங்களிடம் நான் வாங்கிய பாராட்டெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

இதற்கு நடுவில், "பார்ட்ஸ் வாங்கச் சேலம் போயிட்டு வந்தர்றேன்" என்று மாசம் ஒருக்கா முதல் பஸ்ஸில் கிளம்புவீர்கள். அங்கே உங்கள் சிநேகிதர் ஒருவர், உங்களைப் போலவே பெட்டிப் பைத்தியம். இரண்டு பேருக்கும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுப்பேன். போகப் போக இளைத்தீர்கள். கேட்டால் "வயசாகுதில்ல" என்றீர்கள். சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்த நாட்களில் நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கத்தியிருப்பேனா?

அடக்கம் முடிந்து ஊட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் சிநேகிதர் வாயைத் திறந்தார். "டாக்டரு போன வருசமே கைய விரிச்சுட்டாருங்க அண்ணி. 'அவளுக்குத் தெரிய வேண்டாம்'னு அண்ணன் எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாருங்க."

பார்ட்ஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆஸ்பத்திரி! என் எலுமிச்சைச் சாதத்தை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறீர்கள். மனுசர் அதோடு விட்டாரா? "மிஷினை என்னைய எடுத்துக்கச் சொன்னாருங்க. 'அவளுக்கு அது எதுக்கு'ன்னாருங்க. வயரு அப்படியே இருக்கட்டும், ஒன்னையும் கழட்டிறாதீங்க அண்ணி."

அவளுக்கு அது எதுக்கு. எனக்குச் சொல்லிக்கொடுத்த வாயா இதைச் சொன்னது?

அவர் வண்டியோடு வருவதாகச் சொன்ன காலையில்தான் பெட்டிமேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். நீங்கள் கடைசியாகப் போட்ட பேட்ச். அதிலும் ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லவேண்டியதை எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு வயரைத் தொங்கவிட்டுப் போயிருக்கிறீர்கள்! பெட்டியைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைக்கலாமா என்றிருந்தது.

உடைக்கவில்லை. சுவிட்சைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே போனேன். தொங்கிய வயர் அந்த மெதுவாக ஏறி இறங்கும் தட்டிலிருந்து வந்தது. சுருதியில் ஏற்கெனவே ஒன்று இருந்தது, குழாயிலும் இருந்தது. வடிகட்டுகிற தட்டில் ஒரு ஓட்டை காலி. சொருகினேன். அதுவரை ஓய்வில்லாமல் இரைந்துகொண்டிருந்த சத்தம் மெல்ல மூடி, மெல்லத் திறந்தது. மழை நாளில் ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சத்தம் மங்குமே, திறந்தால் உள்ளே வருமே, அப்படி. நொம்ப நல்லா இருந்துச்சுங்க. பழக்க தோஷத்தில் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் அழுதேன்.

அழுது முடித்துவிட்டு எல்லா வயரையும் பிடுங்கினேன், ஒன்று விடாமல். சுருட்டிப் பையில் போட்டுப் பெட்டியோடு கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! "என்னங்க அண்ணி இது?" என்றார். "தூசி தொடச்சனுங்க" என்றேன்.

இன்று போன் சரியாகிக் கைக்கு வந்ததும் முதல் அழைப்பு அவருடையதுதான். "எப்படிப் போட்டாலும் அண்ணன் போன்ல கேக்க வெச்ச அந்தச் சத்தம் வரமாட்டேங்குதுங்க அண்ணி. ஒரு வயரத் தொங்க விட்டிருக்கறேன்னாருங்க, அது எதுல போகும்னு உங்ககிட்ட எப்பவாச்சும் சொன்னாருங்களா?" அவருக்கும் உங்கள்மேல் பிரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

எந்த வயர் எங்கே என்று முதலிலிருந்து கடைசிவரை என் விரலுக்குத் தெரியும். துணி வெட்டும்போதுகூட அந்த வரிசை ஓடும். அது இப்போது வேறெங்கும் இல்லை, என்னிடம் மட்டும்தான்.

"எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவருக்குத் தெரிய வேண்டாம்.