டா போட்டுக் கூப்பிட ஓர் ஆள்

1974, ஐப்பசி, செவ்வாய் இரவு. மழை விடவில்லை.

ராத்திரியில் தனியாகப் பேசுகிறேன் என்று மகன் இன்று என்னைத் தாம்பரத்தில் மனநோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன், எந்தச் சாமியைக் கும்பிடுகிறேன் என்றெல்லாம் விசாரித்தார்.

"ராத்திரி யாரோட பேசுறீங்க ஐயா?"

"ரயில்வே கேங்குல என்கூட வேலை செஞ்ச தேவசகாயம் சார். செத்துப்பூட்டான். அது எனக்கும் தெரியும்."

"அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

"இன்னாடா ஏழுமலை, கஞ்சி குடிச்சியாம்பான்."

"இப்ப உங்களை டா போட்டுக் கூப்பிட யார் இருக்காங்க?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வீட்டில் என்னை அப்பா, மாமா, தாத்தா என்கிறார்கள். தெருவில் பெரியவரே. என்னை டா போட்டவர்கள் முகமெல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது. எல்லோரையும் சுடுகாட்டிலும் கல்லறையிலும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாயிற்று.

"யோசிச்சுப் பாருங்க" என்று மாத்திரையும் கொடுத்தார். போட்டுக்கொண்டேன்.

படுத்த பிறகுதான் என் சின்ன வயசுக் கூட்டாளி கோதண்டம் நினைப்பு வந்தது. எழுந்து எழுத்துக்கூட்டி இதை எழுதுகிறேன். பெருங்களத்தூரில்தான் இருக்கிறான். என் ஆடு அவன் கீரைப்பாத்தியை மேய்ந்த நாளிலிருந்து பேச்சில்லை. என் பெண்டாட்டி சாவுக்குக்கூட வரவில்லை.

மழை விட்டால் காலையில் போய் அவன் வாசலில் நிற்க வேண்டும். "இன்னாத்துக்குடா வந்தே?" என்றுதான் கேட்பான். கேட்கட்டும்.