எண்ணெய் ஆகாத அறை

அப்பா,

இன்று காலை நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியின் சக்கரம் கீச்சிட்டது. புதிதாகச் சேர்ந்திருக்கும் அட்டெண்டர், நல்ல மனிதர், எங்கிருந்தோ ஓர் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து வண்டியருகே குனிந்துவிட்டார். சிலிண்டர் அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தது. வராந்தாவின் மறுகோடியிலிருந்து நான் போட்ட அதட்டலில் ஜன்னலோரம் கண்ணயர்ந்திருந்தவர்கள்கூட விழித்துவிட்டார்கள். குப்பியை வாங்கி மூடும்போது அந்த வாசனை வந்தது. மெல்லிய மிஷின் எண்ணெய் வாசனை. அதற்குப் பிறகு மாத்திரை கொடுத்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன், யாரோ கேட்டதற்கு ஏதோ பதில் சொன்னேன். ஆனால் நான் அங்கே இல்லை. உங்களோடு இருந்தேன்.

ஹெப்பாள் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆகிப் பல வருடம் கழித்தும் உங்கள் கையிலிருந்து அந்த வாசனை போகவில்லை. போக நீங்கள் விடவுமில்லை. கத்துகிற எதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க உங்களால் முடியாது. கேட், சைக்கிள், அம்மாவின் தையல் மிஷின், பக்கத்து வீட்டு ஊஞ்சல். சர்ச்சில் முழந்தாள் பலகையின் கீல் கத்துகிறது என்று, அடுத்த ஞாயிறு சட்டைப் பையில் குப்பியோடு பூசைக்கு வந்தீர்கள். வெள்ளைச் சட்டையில் கறை. அம்மா வீடு வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

நுரையீரல் தேய்ந்துவிட்டது, இனி எப்போதும் ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆட்டோவில் வரும்போது நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாதி கன்னடத்தில், வெளியே பார்த்தபடி கேட்டீர்கள்.

"ஆஸ்பத்திரி பேடாம்மா. என்ன ஆனாலும் நம்ம வீட்லயே இருந்துக்கறேன்."

சரி என்றேன். ஆனால் அந்த அறையில் என் சட்டம்தான் என்றும் சொன்னேன். மகள் நர்ஸ் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர் அல்லவா, அனுபவியுங்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அறை மாறியது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின், சுவரையும் திரையையும் ஒட்டாமல், மூச்சுவிட இடத்தோடு கட்டிலருகே வந்தது. கரண்ட் போனால் உதவிக்கு ஒரு சிலிண்டர், சாய்ந்துவிடாதபடி சங்கிலி போட்டுச் சுவரோடு நின்றது. ஜன்னலை எப்போதும் கொஞ்சம் திறந்தே வைத்தேன். கம்பளிக்குள் டியூப் சுருண்டு கிடந்தால் துணியிலேயே ஆக்சிஜன் ஊறிப்போகும் என்று தினமும் இழுத்து விட்டேன். நீங்கள் மூக்கில் தடவிக்கொள்ளும் வாசலின் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, தண்ணீரில் கரையும் களிம்பு ஒன்றைக் கொடுத்தேன். இது களிம்பே இல்லை, கஞ்சி என்றீர்கள்.

அம்மாவோடுதான் பெரிய சண்டை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றித்தான் ஜெபமாலை சொல்லுவாள், அதுவும் உங்கள் கட்டில் இருக்கும் அந்த அறையில், மாதா சுரூபத்துக்கு முன்னால். தீ வேண்டவே வேண்டாம் என்றேன். "மெழுகுவர்த்தி இல்லாம அது ஜெபமா?" என்றாள். கடைசியில் மாதா இடம் மாறினாள். ஹாலின் மறுகோடியில், தெரு ஜன்னலோரம் போய் நின்றாள். மெழுகுவர்த்தி அங்கே எரியும், நாங்கள் அங்கே சொல்லுவோம், நீங்கள் அறைக்குள்ளிருந்தே பதில் சொல்லுவீர்கள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." மூச்சு வாங்க, ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு ஒரு கணம் பிந்தி வரும் அந்தக் குரல். அதற்காக அம்மா நிறுத்தி நிறுத்திச் சொல்லப் பழகிக்கொண்டாள். இப்போது நினைத்தால் வீடே உங்கள் மூச்சின் வேகத்துக்கு நடந்ததுபோல் இருக்கிறது.

பிறகு அந்த மதியம். டியூட்டி முடிந்து சீக்கிரமே வந்துவிட்டேன். அறைக்கதவைத் தள்ளினால், நீங்கள் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, சிலிண்டரை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையில் எண்ணெய்க் குப்பி. அதன் மூக்கில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே சிலிண்டரின் வால்வு.

ஓடிவந்து உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். துளி என் புடவையில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே புங்கமரம் அசைந்துகொண்டிருந்தது எனக்கு இன்றும் தெரிகிறது. மனசு அப்படிப்பட்ட நேரத்தில் ஏன் மரத்தைப் பார்க்கிறதோ.

"ரொம்ப டைட்டா இருக்கும்மா. கரண்ட் போனா உங்கம்மாவுக்குத் திருக வராது. ஸ்வல்ப எண்ணெய் விட்டா லூசாயிடும்" என்றீர்கள்.

எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை, பயம். இனி ஒரு தடவை இப்படி நடந்தால் ஆஸ்பத்திரிதான் என்று கத்திவிட்டேன். உங்கள் முகம் சட்டென்று சின்னதாகிப் போனது. பிறகு தரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிகிற எதையும் அடங்க விடாது. அவ்வளவு அழுத்தத்தில் அது எண்ணெயைத் தொட்டால் தீக்குச்சியே வேண்டாம், தானே பற்றிக்கொள்ளும். எண்ணெய்க் கை, கிரீஸ் பட்ட துணி, எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. வால்வு இறுகியிருந்தால் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நாமாக எதுவும் செய்யக் கூடாது.

நீங்கள் அந்தச் சிலிண்டரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எண்ணெய் ஆகாத மிஷின்னு ஒண்ணு இருக்கா!" என்றீர்கள். பயப்படவில்லை, வியந்தீர்கள். ஆயுள் முழுக்கப் பழகிய ஒருவரைப் பற்றித் தெரியாத சங்கதி ஒன்று காதில் விழுந்ததுபோல. பிறகு குப்பியை மூடி என் கையில் வைத்தீர்கள். "நீயே வச்சுக்கோ. வீட்லயே இருக்கேன், இல்லம்மா?"

இருந்தீர்கள். வால்வு இறுகிய சிலிண்டர் போய் வேறு வந்தது, அம்மாவே திறந்து மூடப் பழகினாள். சோப்புப் போட்டுக் கை கழுவிக் கழுவி உங்கள் விரலிடுக்குக் கறுப்பெல்லாம் வெளுத்துவிட்டது. அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு யாரோ அந்நியருடையவை போலிருந்தது. ஆனால் அறைக்கதவு அந்த மழைக்காலத்தில் கத்தத் தொடங்கியது. கீல் துருப்பிடித்துவிட்டது. நாள் முழுக்கப் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தீர்கள். நீங்கள்! கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய் எண்ணெய் விட்டு மாட்டலாமா என்று நானே மனசு கேட்காமல் ஒரு நாள் கேட்டேன்.

"பிடும்மா, விட்டுடு, இருக்கட்டும். அது கத்தினாத்தான் நீ வந்தது தெரியுது."

அதிலிருந்து கதவு கத்தும்போதெல்லாம், கண் திறக்காமலே, "வந்துட்டியா?" என்பீர்கள்.

அந்த மாதங்களை நினைத்தால் எல்லாமே மதியமாகத்தான் ஞாபகம் வருகிறது. மிஷின் முனகும். ஈரப்பதத்துக்கான பாட்டிலில் தண்ணீர் குமிழிட்டுக்கொண்டே இருக்கும். தண்ணிக்குள் யாரோ ஜெபம் பண்ணுவதுபோல் கேட்கிறது என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். தெருவில் கம்பெனி பஸ் போகும், ஷிப்ட் விட்டாச்சு என்பீர்கள், திரும்பத் தூங்குவீர்கள். நானும் நாற்காலியிலேயே தூங்கிவிடுவேன். விழிக்கும்போது யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அன்று மாலையும் மெழுகுவர்த்தி எரிந்தது. பிரார்த்தனை பாதி வந்திருக்கும். அம்மா சொல்லிவிட்டு நிறுத்தினாள், உங்கள் பதிலுக்காக. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தாள். திரும்ப ஒருமுறை சொன்னாள். அறையிலிருந்து குமிழிச் சத்தம் மட்டும் வந்தது.

நான் எழுந்து போனேன். கதவு கத்தியது. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

நாடி பார்த்தேன், மூச்சு பார்த்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு மிஷினை நிறுத்தினேன். டியூபைக் கழற்றினேன். சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன், ஜன்னல்களை அகலத் திறந்தேன், கம்பளியை எடுத்துவிட்டு வெளுத்த போர்வை போர்த்தினேன். அழுவதற்கு முன் இதையெல்லாம் செய்தேன். கை தன்னால் செய்தது. திரும்பினால் அம்மா மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டு ஹாலிலேயே நின்றிருந்தாள், நான் விதித்திருந்த தூரத்திலேயே, ஓர் அடி இந்தப் பக்கம் வராமல்.

"இப்ப உள்ள வரலாமா?" என்று என்னிடம் கேட்டாள்.

வாம்மா என்றேன். அத்தனை மாதம் கழித்து அன்றுதான் அந்த அறைக்குள் வெளிச்சத்தைக் கொண்டுவந்தாள்.

இன்று மாலை அந்த அட்டெண்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்களிடம் சொன்னதையே மெதுவாகச் சொன்னேன். அதட்டியதற்குச் சேர்த்து டீயும் வாங்கிக் கொடுத்தேன். உங்கள் குப்பி என் ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கிறது, இல்லத்துக்குள் வராது. கத்துகிற கேட்டையோ ஊஞ்சலையோ எங்கே பார்த்தாலும் ஒரு சொட்டு விடாமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.

அந்த அறையில் இப்போது எண்ணெய்க்குத் தடையில்லை. அம்மாகூடக் கேட்டுவிட்டாள், ஊருக்கெல்லாம் விடுகிறாய், நம் கதவுக்கு என்ன என்று. நான் விடவில்லை அப்பா. வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தக் கதவைத்தான் திறக்கிறேன். அது கத்துகிறது. ஒரு கணம் நின்றுவிட்டு, வந்துட்டேன் என்று சொல்லித்தான் உள்ளே போகிறேன்.