அவள் அழவில்லை

பிப்ரவரி 4

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பயந்துவிடாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கலை மையத்தில் எழுத்து வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அங்கே கொடுத்த வீட்டுப்பாடம் இது. யாருக்காவது இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுத வேண்டுமாம். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், மாட்டிக்கொண்டாய்.

செவ்வாய்தோறும் சாயங்காலம், முதல் மாடியில் வகுப்பு. எங்களுக்கு மேலே நடன வகுப்பு. அவர்கள் குதித்தால் எங்கள் மின்விசிறி ஆடும். ஒன்பது பேர் இருக்கிறோம். ஒரு பஸ் டிரைவர், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற ஒரு பெண், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர். அவர் எழுதுவதெல்லாம் காதல் கவிதை. டீச்சர் உன்னைவிடச் சின்னவள். அவள் ஒரு விதி வைத்திருக்கிறாள். ஒருவர் வாசித்து முடித்தால் இப்படி மாற்று, அப்படி மாற்று என்று யாரும் சொல்லக் கூடாது. எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்று மட்டும் சொல்லலாம். போலீஸ்காரருக்கு எங்களால் சொல்லி மாளவில்லை.

இத்துடன் ஒரு கதை வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தவளுக்குக் கதை வருமா என்று சிரிக்காதே. இதை வாசித்தபோது ஒருத்தருக்கும் கொட்டாவி வரவில்லை. மையத்தின் ஆண்டுத் தொகுப்புக்குக் கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் அடித்துத்தான் வாங்குவார்களாம். நீ பத்திரிகை ஆபீசில் நாளெல்லாம் அதைத்தானே செய்கிறாய். அடித்து நேரே மையத்துக்கு அனுப்பிவிடு. கதை எதைப் பற்றி என்பது படித்தால் உனக்கே தெரியும். அப்போது உனக்கு ஏழு வயது.

மருமகளைக் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா

பிப்ரவரி 17

அன்புள்ள அம்மாவுக்கு,

கதையை அடித்து மையத்துக்கு அனுப்பிவிட்டேன். நீ வீட்டை விட்டுப் போய் எங்கோ ஒரு விடுதியில் பதினோரு நாள் தங்கியிருந்ததை இத்தனை வருஷம் கழித்து எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை. நம் வீட்டில் யாரும் அதைப் பேசியதே இல்லை. அப்பா கண்ணை மூடும்வரை பேசவில்லை.

நன்றாகவே எழுதுகிறாய். வாக்கியங்களில் அங்கங்கே கொஞ்சம் கை வைத்தேன், தொழில் புத்தி. முடிவும் மொட்டையாக இருந்தது, சரிசெய்திருக்கிறேன். படிக்கிறவர்களுக்கு மனசு இளக வேண்டாமா.

மேடையில் வாசிக்கச் சொன்னால் தேதியைச் சொல். மாமனார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உனக்கு இந்த வயதில் இப்படி ஒரு பெயர் கிடைப்பது எனக்குப் பெருமைதான். மாத்திரையை மறக்காதே.

அன்புடன்
மகன்

மார்ச் 12

மகனே,

தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது. முதல் கதையே என்னுடையது. வகுப்பில் அதிலிருந்து வாசிக்கச் சொன்னாள் டீச்சர். அரைப் பக்கம் தாண்டவில்லை, பஸ் டிரைவர் விரலைத் தூக்கினார். "எனக்குக் கொட்டாவி வருதுக்கா. போன தடவ வரல" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் என்ன எழுதிக் கொடுத்தேன்? இரண்டு ஷிப்ட் வேலை, வீடு, சமையல் என்று ஓடிய ஒருத்தி ஒரு நாள் பஸ் ஏறிப் போய், அறை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். பதினோரு நாள் தூங்கினாள். தூக்கம் தீர்ந்தது, திரும்பி வந்தாள். அவ்வளவுதான். நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்? தினமும் தலையணை நனைய அவளை அழவைத்திருக்கிறாய். ஜன்னல் வழியாக யாரோ ஒரு குழந்தையின் குரல் கேட்டதும் அலறியடித்துக்கொண்டு ஓடிவர வைத்திருக்கிறாய். புருஷன் காலில் விழவைக்காததுதான் பாக்கி.

அவள் அழவில்லை. எனக்குத் தெரியாதா? உன்னை நினைக்காமல் இல்லை. நினைத்தேன், உன் அத்தை பார்த்துக்கொள்வாள் என்று புரண்டு படுத்தேன், மறுபடி தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதைச் சொல்லத்தான் அறுபத்திரண்டு வயதில் முட்டி வலியோடு மாடிப்படி ஏறினேன்.

கதையை எடுத்துவிடுங்கள் என்று மையப் பொறுப்பாளரிடம் போய் நின்றேன். புத்தகம் பைண்டிங் முடிந்து வந்தாகிவிட்டது என்று கையை விரித்தார். சரி, இருபத்தெட்டாம் தேதி தொகுப்பு வெளியீட்டு விழா மேடையில் என் நோட்டில் இருக்கிற கதையைத்தான் வாசிப்பேன். போனில் கூப்பிடாதே. போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய்.

அம்மா

மார்ச் 19

அம்மா,

நீ போனை எடுக்கவில்லை, சரி, எழுதுகிறேன்.

உன்னிடம் கேட்காமல் கை வைத்தது தப்புதான். ஆனால் நீ என்னிடம் அடிக்கத் தந்தது யாரோ ஒருத்தியின் கதை இல்லை. அதில் வருகிற வீடு நானும் இருந்த வீடு. அப்பா தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இன்று உயிரோடு இல்லை. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்கினேன் என்று மைக் முன்னால் நின்று சொன்னால் கேட்கிறவர்கள் உன்னை என்ன நினைப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ எனக்காகத்தான் திரும்பி வந்தாய் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா? அச்சில் இருப்பதையே வாசி. முடியாது என்றால் நான் வரவில்லை. மாமனார் வீட்டில் நிகழ்ச்சி ரத்து என்று சொல்லிவிடுவேன்.

மகன்

மார்ச் 30

மகனே,

உனக்கென்று பிடித்துவைத்த நாற்காலியில் கடைசிவரை என் பைதான் உட்கார்ந்திருந்தது. மருமகள் மட்டும் வந்திருந்தாள். உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாளா என்று நான் கேட்கவில்லை.

கூடம் நிறைந்துவிட்டது. எல்லார் கையிலும் தொகுப்பு. நான் ஆரம்பித்ததும் விரலை வைத்து வரி வரியாகக் கூடவே வந்தார்கள். இரண்டாவது வரியிலேயே ஒத்துப்போகவில்லை. தாள் புரட்டுகிற சத்தம் கிளம்பியது. பொறுப்பாளர் மேடை ஓரத்தில் நின்று பக்க எண்ணை எனக்கு விரல்விட்டுக் காட்டினார். முன்வரிசையில் ஒருவர் எழுந்தே விட்டார், புத்தகத்தில் இப்படி இல்லையே என்று கேட்டார்.

"அது என் மகன் எழுதினது. நல்லாத்தான் எழுதியிருக்கான். இது எனக்கு நடந்தது. புத்தகத்த மூடிட்டுக் கேளுங்க" என்றேன்.

மூடினார்கள். கடைசி வரிவரை வாசித்தேன். முடித்ததும் சிலர் கைதட்டினார்கள், சிலர் தட்டவில்லை. வெளியே வரும்போது ஒரு பெண் வழியை மறித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு எப்படித் தூக்கம் வந்தது என்று கோபமாகக் கேட்டாள். களைப்பாக இருந்தேன், வந்தது என்றேன். இன்னும் பத்துப் பேர் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

உனக்காக வந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. முன்பே தெரிந்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. உன்மேல் ஆசைக்கு அன்றும் குறைவில்லை, இன்றும் இல்லை. ஆனால் வந்தது அதனால் இல்லை. விழிப்பு வந்தது, பையை எடுத்தேன், வந்தேன்.

அதே பதினோரு நாள் உனக்கும் போயிருக்கிறது. எப்படிப் போனது என்று உன்னிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நீ அதை எழுது. அதில் நான் எவ்வளவு கெட்டவளாக வந்தாலும் வரட்டும். ஓர் எழுத்தில்கூடக் கை வைக்க மாட்டேன்.

உன் அம்மா

ஏப்ரல் 21

அம்மா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உன் மருமகள் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

முதல் நாள் அப்பா எனக்குத் தலை வாரிவிட்டார். வகிடு எடுக்கத் தெரியாமல் மூன்று தடவை கலைத்துக் கலைத்து வாரினார். இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் அம்மா எங்கே என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்றேன். நீ வேலை பார்த்த இடம் அதுதானே, பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் அத்தை உன் சீப்பை எடுத்தாள், அவள் கையைக் கடித்துவிட்டேன். எட்டாம் நாளுக்குப் பிறகு உன்னைத் தேடவில்லை. உன்மேல் கோபம் மட்டும்தான் இருந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் நீ வந்து கதவைத் தட்டினாய். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அப்பா வேலைக்குப் போயிருந்தார், அத்தை கடைக்குப் போயிருந்தாள். யாரும் திறக்காததால் நீ படியில் உட்கார்ந்துகொண்டாய். ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தாய். நான் உள்ளேதான் இருந்தேன். நீ தட்டியது கேட்டது, என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. தாழ்ப்பாள் எனக்கு எட்டும்.

அத்தை வந்து சத்தம் போட்ட பிறகுதான் திறந்தேன். தூங்கிப்போய்விட்டேன் என்றேன். நீயும் நம்பி என் தலையைத் தடவிக் கொடுத்தாய். நான் தூங்கவில்லை, அம்மா. நீ வெளியே நிற்க வேண்டும் என்றுதான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கும் அதற்காக என்னால் வருத்தப்பட முடியவில்லை.

உன் மகன்