நரிக்குத் தெரிந்த பாஷை

வின்னிபெக்
11 மார்ச் 1996

அன்புள்ள ஸ்டெல்லா,

இருபத்தொரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். படிக்காமல் கிழித்துவிடாதே. உன் பிராண்டன் முகவரியை உன் தங்கையிடம் கெஞ்சி வாங்கினேன். மூட்டுவலியைத் தவிர எனக்குக் குறையில்லை. நீ நன்றாக இருக்கிறாயா?

ஜூனில் ஓய்வு பெறுகிறேன். பிரெஞ்சு மட்டுமே பேசும் நம் பாலர் வகுப்பு அப்படியேதான் இருக்கிறது. காலையில் வட்டமாக உட்கார்ந்து, ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து, வெயிலா பனியா என்று பிரெஞ்சில் சொல்லிப் படம் ஒட்டுகிறோம். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கிறிஸ்துமஸுக்குள் கடை விளையாட்டில் துணிக் கேரட்டைத் தூக்கிக்கொண்டு, "இது வாடிப்போச்சு, வேற குடுங்க" என்று பிரெஞ்சில் சண்டை பிடிக்கின்றன.

வெளியே கிளம்பும்போது பாடுவோமே, முதலில் பனிக்கால்சட்டை, அப்புறம் பூட்ஸ், கோட்டு, தொப்பி, கடைசியில் கையுறை என்று. எனக்கு உதவியாளாக வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக நீயும் பிரெஞ்சு கற்றாய். ஒருநாள் கையுறையை முதலில் பாடிவிட்டாய். பதினெட்டுப் பேரும் கையுறையோடு பூட்ஸை மாட்ட முடியாமல் தரையில் உருண்டார்கள்.

போன வாரம் மகளைச் சேர்க்க ஒரு பெண் வந்தாள். நான் பேசும்போதெல்லாம் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். பெயரைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நம் ஹெதர்.

அந்த ஜனவரி காலையில் அவள் வந்து காது வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கையில் மாட்டியிருந்த நரிப் பொம்மையை ஆட்டி, "நரிக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும்" என்றேன். நீ எழுந்தாய். உட்கார் என்று கண்ணைக் காட்டினேன். அதன்பின் அவள் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி. இடது காது போயிற்று.

பிள்ளை உன்னிடம் சொன்னதாகவும் நீ மறந்துவிட்டதாகவும் தலைமையாசிரியரிடம் சொன்னாய். உன் வேலை போனது. நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஏன் அப்படிச் செய்தாய், ஸ்டெல்லா?

லியோந்தின்

---

பிராண்டன்
24 மார்ச் 1996

லியோந்தினுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்து உருகாதே. டீச்சர் மேல் தப்பு என்றால் வகுப்பையே மூடியிருப்பார்கள். பிரெஞ்சே வேண்டாமென்று அதற்காகக் காத்திருந்த ஆட்கள் இருந்தார்கள். உதவியாள் மேல் என்றால் வேறு உதவியாளை வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் கணக்கு. நரியோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளை நடுவழியில் விட எனக்கு மனசு வரவில்லை. நானும் அப்போதுதான் பிரெஞ்சில் இறந்தகாலம் பேசக் கற்றிருந்தேன்.

வேலை போனது பெரிதில்லை. நீ வீட்டுக்கு வரவில்லை. வருவாய் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வைத்த பிரோகிக் கொழுக்கட்டை செய்து வைத்தேன். பிறகு ஒருநாள் கடையில் என்னைக் கண்டு அடுத்த வரிசைக்குத் திரும்பினாயே, அதுதான் இன்னும் எரிகிறது.

என்னிடம் ஏன் என்று கேட்கிறாய். காது போனது எனக்கில்லை. அவளிடம் போய்ச் சொல்.

ஸ்டெல்லா

---

வின்னிபெக்
19 ஏப்ரல் 1996

அன்புள்ள ஸ்டெல்லா,

சொல்லிவிட்டேன். ஹெதரை வகுப்புக்கு வரச்சொல்லி, அந்தக் குட்டி நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கம்மா சாகிறவரைக்கும் அந்த ஸ்டெல்லாவைத்தான் திட்டிட்டிருந்தாங்க" என்றாள்.

நான் சிறுமியாக இருந்தபோது பள்ளியில் பிரெஞ்சுக்குத் தடை, இன்ஸ்பெக்டர் வந்தால் பிரெஞ்சுப் புத்தகங்களை மேசைக்கடியில் ஒளிப்போம் என்றும், ஒரு ஆங்கில வார்த்தையை உள்ளே விட்டால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன் என்றும் சொன்னேன்.

"அப்ப நான் அஞ்சு வயசுப் பிள்ளை, மேடம். இன்ஸ்பெக்டர் இல்ல" என்றாள்.

கிளம்பும்போது கேட்டாள்: "என் மகளுக்குக் காது வலிச்சா எந்தப் பாஷையில சொல்லணும்?"

"எந்தப் பாஷையில வேணும்னாலும்."

"அத எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். மகளைச் சேர்ப்பதா என்று யோசிக்கிறாளாம். உன் முகவரியைக் கேட்டாள், கொடுத்தேன்.

நடந்ததை அப்படியே நிர்வாகத்துக்கும் எழுதிவிட்டேன். வகுப்பறைக்கு என் பெயர் வைப்பதாக இருந்தார்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லை. ஓய்வு விருந்தும் வேண்டாம் என்றேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. நேற்று பனி உருகிய சேற்றில் பூட்ஸைத் தொலைத்துவிட்டு, சேற்றுக்குப் பிரெஞ்சில் என்ன என்று என்னிடமே கேட்டன.

லியோந்தின்

---

பிராண்டன்
6 மே 1996

அன்புள்ள லியோந்தின்,

ஹெதரிடமிருந்து கடிதம் வந்தது. அம்மா பேசியதற்கெல்லாம் அவள் மன்னிப்புக் கேட்டிருந்தாள். நான் உட்கார்ந்து அழுதேன். பிறகு நேற்று மகளோடு நேரிலேயே வந்தாள். செப்டம்பரில் உன் பள்ளியில்தான் சேர்க்கிறாளாம். புது டீச்சரிடமும் அதே வாக்கை எழுதி வாங்கிக்கொண்டாளாம். கெட்டிக்காரி.

சின்னவள் என் மடியிலிருந்து இறங்கவில்லை. எண்களைப் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தேன். பன்னிரண்டுக்கு மேல் எனக்கே தடுமாறியது. நீ இருந்திருந்தால் திருத்தியிருப்பாய்.

உன்னை மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை, லியோந்தின். கடிதத்தில் அது தெரிய வராது போலிருக்கிறது. சனிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வா. நிலையத்தில் நிற்பேன். நீ பேச வேண்டியதைப் பேசு, நான் குறுக்கிட மாட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வராதே.

ஸ்டெல்லா