முப்பத்து நான்காம் எண் சட்டை

அன்புள்ள முப்பத்து நான்குக்கு,

பதினொரு வருடமாக உன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

நம் அணியின் வரலாறு என்று புத்தகம் போட்டிருக்கிறார்கள். வாரமெல்லாம் காகித ஆலையில் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை ஹெல்மெட் மாட்டி அமெரிக்கக் கால்பந்தில் மோதிக்கொண்ட நம்மை 'மாவீரர்கள்' என்கிறது. நாற்பதாம் பக்கத்தில் நீ இருக்கிறாய். கோப்பை இறுதி ஆட்டத்தில் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி மூன்று டச்டவுன் எடுத்தாயாம்! அன்று நீ கழுத்து முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய்.

கோச் கோவாலிக் ஒரு கல்லூரிப் பையனைப் பிடித்துவந்து, உன் சட்டையை மாட்டி, உன் பெயரில் இறக்கியதுவரை உனக்குத் தெரியும். நேற்று வெளியீட்டு விழாவில் அந்த ஆளிடம் பக்கத்தைக் காட்டினேன். மீசையில் ஒட்டிய பீர் நுரையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"விடுடா. சக்கர நாற்காலில கெடக்கறவனுக்கு ஒரு பெருமையா இருந்துட்டுப் போகட்டும். அவனா வந்து கேக்கப் போறான்?"

ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். கை எழவில்லை.

ஆட்டத்துக்கு முன் நடுவர் நம்மை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பாரே, அந்த இறுதி ஆட்டத்தன்றும் வாசித்தார். உன் பெயர் வந்ததும் அந்தப் பையன் திருதிருவென்று விழித்தான். அன்றைக்கு அதுதான் தன் பெயர் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. நடுவர் இரண்டாம் முறை வாசித்தார். இன்னொரு நொடி போயிருந்தால் குட்டு உடைந்திருக்கும்.

அவன் முதுகுக்குப் பின்னால் நின்று "இருக்கேன் சார்" என்று குரல் கொடுத்தது நான்தான்.

இப்படிக்கு,
ஐம்பத்திரண்டு