சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம்

வெள்ளி. ஐப்பசி 7.
விடியலிலிருந்து மழை. குழி வெட்டப் போனவங்க ரெண்டு தரம் தண்ணி இறைச்சாங்க.

நேத்து அந்தி அஞ்சு மணிக்கு என் சம்சாரம் முத்தம்மா போயிட்டா. டவுன் ஆஸ்பத்திரி. இருபது வருசம் அவ கூட்டிப் பெருக்கின அதே வார்டு. ஆறு மணிக்கு ரெண்டு ஆள் வந்து கண்ணை எடுத்தாங்க. தானம். உயிரோட இருக்கையிலேயே எழுதிக் குடுத்துட்டா. சாட்சிக்கு நான் கைநாட்டு. பள்ளிக்கூடம் போனவன் இல்லை. இந்த எழுத்தும் ஸ்டோர்ல மிளகு சாக்குக்குக் குறி போட்டுப் பழகினது.

பிளாஸ்க். உள்ளே ஐஸ். காரிலே கொழும்புக்கு, அங்கிருந்து பிளேன்ல சிங்கப்பூருக்கு. ரெண்டு நாளுக்குள்ள வேற ஆளுக்கு வச்சிடணுமாம். அப்புறம் உதவாதாம்.

மச்சினன் குழிகிட்ட நின்னு, "ஏன் மச்சான், கண்ணைக் குடுத்துட்டீங்க, தடவிக்கிட்டா போவா எங்கக்கா?" நாலு பேர் காதுல விழத்தான் சொன்னான். எனக்கும் அந்தப் பயம்தான்.

சனி. 8.
தூறல். சாமான் வாங்க டவுனுக்கு. சூடம், வெத்திலை, நல்லெண்ணெய். தீப்பெட்டி மறந்துட்டேன்.

மிளகுக் கடை முஸ்லிம் அண்ணன், நானான்னுதான் கூப்பிடுவோம், சிங்கப்பூருக்குப் போய் வந்தவர். எவ்வளவு தூரம்னு கேட்டேன்.
"ஆயிரத்து எழுநூறு மைல் இருக்கும் மாமா. நாலு மணி நேரம்."
"அவ்வளவுதானா?"
"நம்ம ஊருக்கு வர்ற லக்கல பஸ் அதுக்கு மேல எடுக்கும். அதுவும் வந்தாத்தான்."

சிரிச்சேன். முத்தம்மா போனப்புறம் முதல் சிரிப்பு. அசிங்கமா இருந்தது.

அப்புறம்தான் சொன்னார், வெள்ளிக்கிழமை பிளேன் இல்லையாம். இன்னிக்குப் பத்து மணிக்குத்தானாம்.

கணக்கு:
வியாழன் ஆறு மணிக்கு எடுத்தது.
இன்னிக்கு ஆறு மணியோட ரெண்டு நாள் சரி.
பிளேன் இறங்க பகல் ரெண்டு.
மிச்சம் நாலு மணி நேரம்.

நானா விடலை. "அங்க நம்மளை விட ரெண்டரை மணி கூட மாமா. நமக்கு ரெண்டுன்னா அவங்களுக்கு நாலரை."
அப்ப மிச்சம் நாலா, ஒண்ணரையா?
"கடிகாரம்தானே ஓடும், கண்ணு ஓடாதே"ன்னார். அப்புறம், "அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் மாமா. டாக்டரைக் கேளுங்க."
எந்த டாக்டரை?

பகல் பூரா மேலே பார்த்தேன். மேகம். ஆறு மணி ஆச்சு. எந்த ஆறுன்னு தெரியலை.

ஞாயிறு. 9.
மழை இல்லை. கணக்கு நாலுன்னு ஒரு தரம் வருது, ஒண்ணரைன்னு ஒரு தரம். மச்சினன் வந்து விறகு பிளந்து அடுக்கிட்டுப் போனான்.

வெள்ளி. 14.
வெயில். ஆஸ்பத்திரி ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் ஐயா நாற்காலி போட்டார், முத்தம்மாவைத் தெரியும்னு.
"கடுதாசி வந்திருக்கு பெரியவரே. ஒரு கண்ணு வச்சிட்டாங்க. நல்லா இருக்காம்."
"மத்தது?"
"அது ஆகலையாம்."
யாருக்கு வச்சாங்கன்னு சொல்லக் கூடாதாம். சரி. எந்தக் கண்ணுன்னு கேட்டேன், வலதா இடதா. கடுதாசியைத் திருப்பிப் பார்த்தார்.
"அதெல்லாம் எழுத மாட்டாங்க பெரியவரே. எதா இருந்தா என்ன?"

அவருக்கு எப்படிச் சொல்றது. இடது கண்ணுல பாதி நாள் என்மேல கோபம்தான் இருக்கும். வலதுல இல்லை.

பஸ் மூணே காலுக்கு. நின்னுக்கிட்டேதான் வந்தேன்.